நெல் வயலில் மருந்துக்குச் சாகாத களைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவிரிப் படுகையில் நேரடி விதைப்பு பரவப் பரவ, களைக்கொல்லி அடித்தும் களை அப்படியே நிற்கிறது என்ற குறையை விவசாயிகள் கூடும் இடங்களில் எல்லாம் கேட்க முடிகிறது. கேட்பவர் மாறினாலும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், அவற்றை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். மருந்தின் அளவைக் குறிப்பிடும் இடங்களில், நீங்கள் வாங்கிய புட்டியின் மேலுள்ள குறிப்பே இறுதியானது என்று கொள்ள வேண்டும்.

1. எதிர்ப்பு வந்த களைன்னா என்ன? மருந்தோட வீரியம் குறைஞ்சதைத்தான் அப்படிச் சொல்றாங்களா?

இல்லை. பரிந்துரைத்த அளவில் அடித்தால் முன்பு செத்துக்கொண்டிருந்த ஒரு களையினத்தில், அதே மருந்தை அதே அளவில் முறையாக அடித்தும் சாகாத செடிகள் தோன்றி, அந்தத் திறன் விதை வழியாக அடுத்த தலைமுறைக்கும் போகுமானால், அதையே எதிர்ப்பு என்கிறோம். மருந்து போலியாகவோ காலாவதியானதாகவோ இருந்து களை பிழைப்பது வேறு. அங்கே குறை மருந்தில் இருக்கிறது, இங்கே மாற்றம் களையில் இருக்கிறது.

முதலிலிருந்தே ஒரு மருந்துக்குச் சாகாத களைகளும் உண்டு. அது அந்தக் களையின் இயல்பான தாங்குதிறன். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் அடுத்த மருந்தை வாங்குவதால்தான் பலருடைய பணம் வீணாகிறது.

2. மருந்து அடிச்சு அடிச்சுத்தான் களை இப்படி மாறிடுச்சா?

மருந்து களையை மாற்றுவதில்லை, பொறுக்கி எடுக்கிறது. ஒரு வயலில் முளைக்கும் பல இலட்சம் களைச்செடிகளுள், மருந்தைத் தாங்கும் மரபணு மாற்றம் கொண்ட ஒன்றிரண்டு செடிகள் மருந்து வருவதற்கு முன்பே தற்செயலாக இருந்திருக்கும். மருந்து மற்ற அனைத்தையும் கொன்றுவிடுவதால், அந்த ஒன்றிரண்டு மட்டும் போட்டியின்றி வளர்ந்து விதை உதிர்க்கின்றன. அதே மருந்தை மறு ஆண்டும் அடித்தால் அவற்றின் பங்கு பெருகுகிறது. முதல் சில ஆண்டுகள் ‘மருந்து நன்றாகக் கேட்கிறது’ என்றே தோன்றும். தாங்கும் செடிகள் வயலில் கால்வாசிக்கு மேல் ஆகும்போதுதான் கண்ணுக்குத் தெரியும், அப்போது மண்ணில் விதை நிறைந்திருக்கும்.

வட்டக்கோரை என்னும் கோரைக் களையில் இது மிக விரைவாக நடக்கிறது. ஒரு செடி பல்லாயிரக்கணக்கான நுண்ணிய விதைகளை உதிர்க்கக்கூடியது. முளைத்த ஒன்றரை மாதத்துக்குள் பூத்து விதையாகிவிடுவதால், ஒரே நெற்பயிர்க் காலத்தில் இரண்டு தலைமுறைகூட வந்துவிடும்.

3. நம்ம வயல்ல எந்தக் களையை முக்கியமாக் கவனிக்கணும்?

முதலில் குதிரைவாலிப் புல்லையும், இரண்டாவதாக வட்டக்கோரையையும் சொல்வேன். உலகின் நெல் பயிரிடும் நாடுகளில் எதிர்ப்பு பற்றிய செய்திகளில் அடிக்கடி அடிபடும் பெயர்கள் இவை இரண்டும்தான். நேரடி விதைப்பு வயல்களில் நெல்லோடு கலந்து முளைக்கும் களை நெல் மூன்றாவது. அது நெல்லுக்கே உறவு என்பதால், சாதாரண நெல் ரகங்களைக் கொல்லாத மருந்து எதுவும் அதையும் கொல்லாது.

குதிரைவாலிப் புல்லை இளம் பருவத்தில் நெல்லிலிருந்து பிரித்தறிவது எளிது. இலையும் தண்டும் சேரும் இடத்தை விரித்துப் பாருங்கள். நெல்லில் அங்கே வெண்மையான, மெல்லிய நாக்குப் போன்ற சவ்வு இருக்கும், குதிரைவாலிப் புல்லில் அது இருக்காது. கை களை எடுப்பவர்களுக்கு இதை ஒருமுறை காட்டிக் கொடுத்துவிட்டால், நெல் என்று நினைத்து விட்டுவிடும் செடிகள் வெகுவாகக் குறையும்.

4. பிஸ்பைரிபாக் அடிச்சும் புல்லு சாகலை. எதிர்ப்பு வந்துடுச்சுன்னுதானே அர்த்தம்?

உடனே அப்படி முடிவு கட்ட வேண்டாம். நான் விசாரித்த வரையில், இப்படிச் சொல்லப்படும் வயல்களில் பாதிக்கு மேல் வேறு காரணமே இருக்கிறது. முதல் காரணம் களையின் வயது. பிஸ்பைரிபாக் சோடியம் களை இரண்டிலிருந்து நான்கு இலை விட்டிருக்கும்போது அடிக்க வேண்டிய மருந்து. ஆள் கிடைக்கவில்லை, மழை பெய்தது என்று தள்ளிப்போய், புல் தூர் கட்டிய பிறகு அடித்தால், நுனி மஞ்சளாகி, இரண்டு வாரத்தில் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். இரண்டாவது காரணம் தண்ணீர். இம்மருந்து இலை வழியாகச் செல்வது, ஆகவே தண்ணீரை வடித்து, களையின் இலைகள் முழுதும் வெளியே தெரிந்த பிறகே அடிக்க வேண்டும். அடித்த இரண்டு மூன்று நாளில் மீண்டும் தண்ணீர் கட்டி ஒரு வாரமாவது நிறுத்த வேண்டும். வடிக்காமல் அடிப்பதும், அடித்த பின் வயலைக் காய விடுவதும் நம் பகுதியில் சாதாரணமாக நடக்கின்றன.

மூன்றாவது, தெளிக்கும் முறை. ஏக்கருக்கு 100 மில்லி (10 சதவீதக் கலவை) என்பதை நான்கைந்து டேங்க் தண்ணீரில் கலந்து ஓட்டமாக அடித்தால், பாதிச் செடிகளில் மருந்து படாது. பூச்சிமருந்துக்கான கூம்பு நாசிலைக் கழற்றிவிட்டு, தட்டையாக விசிறும் நாசிலைப் பொருத்தி, ஏக்கருக்கு 120 லிட்டருக்குக் குறையாத தண்ணீரில், ஒரே நடையில் அடிக்க வேண்டும். அடித்த சில மணி நேரத்தில் மழை பெய்திருந்தாலும் பலன் குறையும்.

நான்காவது, களையின் இயல்பு. வேளாண் அலுவலர்கள் லெப்டோகுளோவா என்று சொல்லும் புல்லுக்கு, அதாவது தண்ணீர் நிற்காத மேட்டுப் பகுதிகளில் வந்து, மெல்லிய செந்நிறக் கதிரை விரித்து நிற்கும் புல்லுக்கு, பிஸ்பைரிபாக் தொடக்கத்திலிருந்தே சரியாக வேலை செய்வதில்லை. முதல் விடையில் சொன்ன இயல்பான தாங்குதிறன் இதுதான். சைஹாலோஃபாப் பியூட்டைல் அதைக் கட்டுப்படுத்தும், ஆனால் அந்த மருந்து கோரையையும் அகன்ற இலைக் களையையும் தொடாது.

5. அப்ப உண்மையான எதிர்ப்பை எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?

வயலிலேயே சில அடையாளங்கள் தெரியும். ஒரே இனத்தைச் சேர்ந்த, ஒரே வயதுள்ள செடிகளில் ஒன்று செத்தும் பக்கத்திலேயே இன்னொன்று பச்சையாகவும் நிற்பது முக்கியமான அடையாளம். அந்த மருந்துக்குச் சாக வேண்டிய மற்ற களைகளெல்லாம் செத்திருக்க, ஓர் இனம் மட்டும் பிழைத்திருப்பது இன்னொன்று. சென்ற ஆண்டு ஒரு மூலையில் திட்டாக இருந்தது இவ்வாண்டு விரிந்திருந்தால் ஐயம் வலுக்கிறது. மாறாக, பிழைத்த களை நேர்கோட்டில் பட்டையாக நின்றால், அது தெளிப்பில் விட்டுப்போன இடம்.

உறுதி செய்ய, பிழைத்த செடிகளின் முற்றிய விதையைச் சேகரியுங்கள். களைக்கொல்லியே அடிக்காத ஒரு வயலிலிருந்தும் அதே களையின் விதையை எடுங்கள். உலர்த்தி, சில வாரங்கள் வைத்திருந்து, முளைக்காமல் கிடக்கும் விதை உறக்கம் நீங்கிய பின், இரண்டையும் தனித்தனித் தட்டுகளில் விதைத்து, இரண்டு மூன்று இலைப் பருவத்தில் சில தட்டுகளுக்குப் பரிந்துரைத்த அளவும், சில தட்டுகளுக்கு அதைப்போல் இரு மடங்கும் தெளித்து, சிலவற்றை மருந்தில்லாமல் விட்டுவிடுங்கள். மூன்று வாரம் கழித்து, மருந்தறியாத வயலின் செடிகள் செத்து, உங்கள் வயலின் செடிகள் புதுத் துளிர் விட்டு வளர்ந்தால், ஐயத்துக்கு நல்ல ஆதாரம் கிடைத்துவிட்டது. அந்த விதையை ஆடுதுறையிலுள்ள தமிழ்நாடு நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கோ, பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ கொண்டுபோய்க் காட்டுங்கள். சோதித்த தட்டுகளில் விதை உதிர விடாமல் அழித்துவிட வேண்டும்.

6. இதெல்லாம் வெளிநாட்டுக் கதைதானே? நம்ம நாட்டு நெல் வயல்ல நிஜமா வந்திருக்கா?

வந்திருக்கிறது. சத்தீஸ்கரிலும் கேரளத்திலும் உள்ள நெல் வயல்களிலிருந்து எடுத்த வட்டக்கோரை, பிஸ்பைரிபாக் சோடியத்துக்கு எதிர்ப்புப் பெற்றிருப்பதை உறுதி செய்த ஆய்வு 2021-இல் வெளியானது. இந்திய நெல் வயலில் இத்தகைய எதிர்ப்பு உறுதியானதாக அறிவிக்கப்பட்ட முதல் நிகழ்வு அதுவே. கேரளத்து நெல் வயல் நமக்கு அயல் நாடு அல்ல. நம்மைப் போலவே அங்கும் நேரடி விதைப்பு பெருகி, ஒரே மருந்து ஆண்டுதோறும் அடிக்கப்பட்டது. கோதுமையில் இந்த அனுபவம் இன்னும் பழையது. ஹரியானா, பஞ்சாப் வயல்களில் ஐசோபுரோட்டுரான் என்ற ஒரே மருந்தை நம்பியிருந்ததில், 1990-களின் தொடக்கத்தில் ஃபலாரிஸ் மைனர் என்னும் புல் அதற்குச் சாகாமல் பெருகியது. மாற்றாகக் கொண்டுவந்த மருந்துகளுக்கும் அது பின்னர் எதிர்ப்புப் பெற்றது.

இலங்கையில் குதிரைவாலிப் புல், அங்குள்ள தமிழ் விவசாயிகள் நெற்சப்பி என்று சொல்லும் களை, ப்ரோபனில் மருந்துக்கு எதிர்ப்புப் பெற்றது குறித்துப் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002-லேயே எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவின் அர்கன்சாஸ் மாநிலத்தில் அதே ப்ரோபனில் 1960-களிலிருந்து அடிக்கப்பட்டு, 1990 வாக்கில் அதே புல்லுக்குப் பயனற்றுப்போனது. அங்கு முப்பது ஆண்டு தாங்கியது. கலிஃபோர்னியாவில் அவ்வளவு காலம் கிடைக்கவில்லை. பென்சல்ஃபியூரான் மெதைல் அங்கு 1989-இல் அறிமுகமாகி, 1993-க்குள் வட்டக்கோரை அதற்குச் சாகாமல் நின்றது. மண் கனமான களிமண் என்பதால் வேறு பயிருக்கு மாற வழியின்றி ஆண்டுதோறும் நெல்லே விளைந்த வயல்கள் அவை. குறுவையும் தாளடியுமாக நெல்லே மாறி மாறி வரும் நம் வயல்களை எண்ணித்தான் இதைச் சொல்கிறேன். நம் ஊரில் நெடுங்காலம் புழங்கும் பூட்டாகுளோருக்கும் சீனாவில் 1993-இல் எதிர்ப்பு அறிவிக்கப்பட்டது.

7. நான் வருஷா வருஷம் வேற வேற கம்பெனி மருந்துதானே வாங்கறேன். எனக்கு ஏன் வரணும்?

இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு விடையைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள். புட்டியின் மேலுள்ள வணிகப் பெயரும் கம்பெனியும் களைக்குப் பொருட்டல்ல. களைக்குள் எந்த இடத்தில் மருந்து வேலை செய்கிறது என்பதே பொருட்டு. களையை ஒரு பூட்டாக வைத்துக்கொண்டால், பல கம்பெனிகள் பல பெயரில் விற்பது பெரும்பாலும் ஒரே பூட்டுக்கான சாவிகளையே. பூட்டு மாறிவிட்டால் அத்தனை சாவியும் ஒன்றாகப் பயனற்றுப்போகும்.

களைக்கொல்லிகளை அவை வேலை செய்யும் இடத்தைக் கொண்டு உலகெங்கும் எண்ணிட்டுத் தொகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். நம் நெல் வயலில் அதிகம் அடிக்கப்படுவது 2-ஆம் தொகுதி. செடி தன் புரதத்துக்கு வேண்டிய வாலின், லூசின், ஐசோலூசின் என்ற மூன்று அமினோ அமிலங்களை உண்டாக்கப் பயன்படுத்தும் ஒரு நொதியை இவை முடக்குகின்றன. பிஸ்பைரிபாக் சோடியம், பெனாக்சுலம், பைரசோசல்ஃபியூரான் எத்தில், பென்சல்ஃபியூரான் மெதைல், எத்தாக்சிசல்ஃபியூரான், ட்ரையாஃபமோன், மெட்சல்ஃபியூரானும் குளோரிமியூரானும் சேர்ந்த பொடி ஆகிய அனைத்தும் இந்த ஒரே தொகுதியைச் சேர்ந்தவை. குறுவையில் ஒன்று, தாளடியில் ஒன்று, அடுத்த சம்பாவில் மற்றொன்று என்று மாற்றி அடித்தாலும், களையின் பார்வையில் நீங்கள் ஒரே மருந்தைத்தான் அடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

மற்ற தொகுதிகளில், சைஹாலோஃபாப் பியூட்டைல், ஃபெனாக்சாப்ராப், மெட்டமிஃபாப் ஆகியவை 1-ஆம் தொகுதி. இவை புல்லை மட்டும் கொல்லும். பெண்டிமெத்தலின் 3-ஆம் தொகுதி. 2,4-டியும், அண்மையில் வந்த ஃப்ளோர்பைராக்சிஃபென் பென்சைலும் 4-ஆம் தொகுதி. ஆக்சாடயார்ஜில் 14-ஆம் தொகுதி. பூட்டாகுளோர், பிரெட்டிலாகுளோர் இரண்டும் 15-ஆம் தொகுதி. பல புட்டிகளில் இந்த எண் அச்சிடப்படுவதில்லை. ஆகவே சிறிய எழுத்தில் இருக்கும் பொதுப்பெயரைக் கடையிலேயே படித்துப் பார்த்து, சென்ற பருவத்தில் வாங்கியதோடு ஒப்பிட வேண்டும்.

8. நெல் தரிசு உளுந்துல அடிக்கிற மருந்து இதுல கணக்குல வருமா?

கண்டிப்பாக வரும், ஆனால் பெரும்பாலோர் இதைக் கணக்கில் கொள்வதில்லை. நெல் அறுவடையை ஒட்டி அதே வயலில் விதைக்கும் உளுந்தில் அடிக்கும் இமாசெத்தாபிர் 2-ஆம் தொகுதி, அதாவது பிஸ்பைரிபாக்கின் தொகுதி. குயிசலோஃபாப் எத்தில் 1-ஆம் தொகுதி, அதாவது சைஹாலோஃபாப்பின் தொகுதி. பயிர் மாறியதால் களை ஓய்வு பெற்றதென்று நினைக்கிறோம், ஆனால் அதே வயலில் அதே தொகுதி மருந்து மறுபடியும் விழுகிறது. உளுந்துக்கும் நெல்லுக்கும் ஒரே தாளில் மருந்துக் குறிப்பு எழுதி வைத்தால்தான் இது புலப்படும்.

9. டோஸைக் கூட்டி அடிச்சா செத்துடாதா?

கூட்டிய அளவில் நெல்லே மஞ்சளாகி வளர்ச்சி குன்றும். மருந்து வேலை செய்யும் இடமே மாறிய களையில் இரண்டு மடங்கும் நான்கு மடங்கும்கூடப் பயனளிக்காது. எதிர்ப்பின் தொடக்க நிலையில் கூடுதல் அளவுக்குச் சில செடிகள் சாகலாம், அதையும் தாண்டி நிற்பவை அடுத்த ஆண்டுக்கு விதை தருபவையாகிவிடும்.

குறைத்து அடிப்பதும் அதே அளவுக்குத் தீங்கானது. அரைகுறையாகப் பட்ட மருந்தை மெல்ல மெல்லச் செரித்துப் பிழைக்கும் செடிகள், தம்முள் மகரந்தம் கலந்து, தலைமுறைக்குத் தலைமுறை தாங்குதிறனைக் கூட்டிக்கொள்கின்றன. குறைந்த அளவைத் திரும்பத் திரும்பப் பெற்ற களைகளில் எதிர்ப்பு விரைந்து வளர்வதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

10. ட்ரோன்ல ஏக்கருக்கு 10 லிட்டர் தண்ணியே போதும்னு சொல்றாங்க. அது சரியா?

ட்ரோனின் தெளிப்பு முறை வேறு என்பதால் தண்ணீர் அளவும் வேறாகிறது, அதில் தவறில்லை. என் கவலை சீரின்மையைப் பற்றியது. காற்று வீசும்போதும், வயலின் ஓரத்தில் திரும்பும்போதும், ஒரு பட்டைக்கு இரட்டை மருந்தும் அடுத்த பட்டைக்கு அரை மருந்தும் விழக்கூடும். அரை மருந்து விழுந்த பட்டையில் மேலே 9-ஆம் விடையில் சொன்னது நடக்கும். ஆகவே காற்றில்லாத காலையில், பயிற்சி பெற்றவரைக் கொண்டு அடித்து, பத்து நாளில் வயலின் ஓரங்களை நடந்து பாருங்கள்.

11. ரெண்டு மருந்தைக் கலந்து அடிச்சா எதிர்ப்பு வராதாமே?

பாதி உண்மை. கலவையிலுள்ள இரண்டு மருந்தும் வெவ்வேறு தொகுதியைச் சேர்ந்தவையாகவும், இரண்டுமே தனித்தனியாக அதே களையைக் கொல்லக்கூடியவையாகவும் இருந்தால்தான் இது பொருந்தும். ஒன்று புல்லையும் மற்றொன்று கோரையையும் கொல்வதாக இருந்தால், ஒவ்வொரு களையும் ஒரே ஒரு மருந்தைத்தான் சந்திக்கிறது, பாதுகாப்பு எதுவுமில்லை. ஒரே புட்டியில் இரண்டு மருந்து கலந்து விற்கப்படும் சில தயாரிப்புகளில் இரண்டும் 2-ஆம் தொகுதியாகவே இருக்கின்றன. எடுத்துக்காட்டாக, ட்ரையாஃபமோனும் எத்தாக்சிசல்ஃபியூரானும் சேர்ந்தது. அது பலவகைக் களைகளைப் பிடிக்கும் என்பது மெய், எதிர்ப்பைத் தடுக்காது.

நீங்களாகக் கலப்பதில் இன்னொரு இடரும் உண்டு. சைஹாலோஃபாப், ஃபெனாக்சாப்ராப் போன்ற புல்கொல்லிகளோடு 2,4-டியைக் கலந்தால், புல்லைக் கொல்லும் திறன் குறைந்துவிடும். ஒன்றை அடித்துச் சில நாள் இடைவெளி விட்டு மற்றதை அடிப்பதே முறை.

12. ஒரு தடவைகூட அடிக்காத மருந்துக்கும் களை சாகலையே, அது எப்படி?

இரண்டு வழிகளில் நடக்கிறது. ஒன்று, 7-ஆம் விடையில் சொன்ன பூட்டு மாறும் வழி. நொதியில் ஓரிடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறினால் போதும், மருந்து அங்கே ஒட்டாது. எந்த இடத்தில் மாறியது என்பதைப் பொறுத்து, தொகுதியின் சில மருந்துகளுக்கு மட்டுமோ, தொகுதி முழுவதற்குமோ எதிர்ப்பு வரும்.

இரண்டாவது வழி இன்னும் கவலை தருவது. களை தன் உடலில் நஞ்சைச் சிதைக்கும் நொதிகளைக் கூடுதலாகச் சுரந்து மருந்தைச் செரித்துவிடுகிறது. நெல் மருந்துக்குத் தப்புவதே இப்படித்தான். ப்ரோபனிலை நெற்பயிர் தன் இலையிலுள்ள ஒரு நொதியால் உடைத்துவிடுகிறது, அந்த நொதி போதிய அளவில் இல்லாத புல் சாகிறது. எதிர்ப்புப் பெற்ற குதிரைவாலிப் புல்லில் அதே நொதி பெருகியிருப்பதைக் கண்டார்கள். அதாவது நெல்லைக் காத்த வழியே களையையும் காத்தது. இத்தகைய செரிக்கும் நொதிகள் தொகுதி பார்ப்பதில்லை. கலிஃபோர்னியாவில் குதிரைவாலி இனத்தைச் சேர்ந்த ஒரு புல், வெவ்வேறு தொகுதிகளைச் சேர்ந்த மருந்துகளை இவ்வாறு ஒருசேரத் தாங்கியது 1990-களின் இறுதியிலேயே பதிவாகியிருக்கிறது. மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டே போய் இதைத் தீர்த்துவிடலாம் என்று நான் சொல்லாததற்குக் காரணம் இதுதான்.

13. நடவு வயல்ல இந்தத் தொந்தரவு கம்மிங்கிறாங்க. ஏன்?

நட்ட நாளில் நாற்றுக்கு மூன்று வார வயது, களைக்கு வயதே இல்லை. அந்த முந்துதலும், நட்டதும் கட்டும் தண்ணீரும் மருந்து செய்யும் வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடுகின்றன. நேரடி விதைப்பில் நெல்லும் களையும் ஒரே நாளில் முளைப்பதால், முழுப் பொறுப்பும் மருந்தின் மேல் விழுகிறது.

ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் தொடர்ந்து நின்றால் லெப்டோகுளோவாவும் வட்டக்கோரையும் முளைப்பது வெகுவாகக் குறையும். குதிரைவாலிப் புல் ஓரளவு தண்ணீருக்குள்ளும் முளைத்து வரும். ஆரைக்கீரை தண்ணீரை விரும்பும். தண்ணீர் ஒரே ஆழத்தில் நிற்க வயல் சமமாக இருக்க வேண்டும், மேடு தெரியும் இடங்களில்தான் களைத் திட்டு தொடங்குகிறது. முடிந்தவர்கள் ஒருமுறை லேசர் கருவியால் சமன் செய்துகொள்வது பல ஆண்டுகளுக்குப் பயன் தரும். மூன்று ஆண்டு நேரடி விதைப்புக்குப் பிறகு ஓர் ஆண்டாவது, இயந்திர நடவாக இருந்தாலும் சரி, நட்டுவிடுவது நல்லது.

14. களை எடுக்க ஆளே கிடைக்கலை. மருந்து இல்லாம என்னதான் செய்ய முடியும்?

மருந்தை விட்டுவிடச் சொல்லவில்லை, அதன் சுமையைக் குறைக்கத்தான் சொல்கிறேன். எனக்கு மிகவும் நம்பிக்கையுள்ள வழி, விதைப்பதற்கு முன்பே களையை முளைக்க வைத்து அழிப்பது. தண்ணீர் கிடைத்ததும் வயலை நனைத்து, இரண்டு வாரம் விட்டால், மேல் மண்ணிலுள்ள களை விதைகளில் பெரும்பகுதி முளைக்கும். அவற்றைச் சேற்றுழவில் மடக்கிவிட்டு, அதன் பின் ஆழமாகக் கிளறாமல் விதைக்க வேண்டும். எதிர்ப்புள்ளது, இல்லாதது என்ற வேறுபாடின்றி உழவு எல்லாவற்றையும் கொல்லும். மேட்டூர்த் தண்ணீர் தாமதமாகும் ஆண்டுகளில் இதற்குக் காலம் கிடைப்பதில்லை என்பதை அறிவேன். அப்போது கோடை மழையில் முளைப்பதையாவது உழுதுவிட வேண்டும்.

தக்கைப்பூண்டை நெல்லோடு சேர்த்து விதைத்து, 25 முதல் 30 நாளில் மடக்கிவிடுவது இன்னொரு வழி. அது விரைந்து வளர்ந்து நிழல் கட்டிக் களையை அமுக்கும். கைவீச்சுக்குப் பதிலாக உருளை விதைப்பானால் வரிசையாக விதைத்தால், கோனோவீடர் என்னும் களையெடுக்கும் கருவியை வரிசைகளுக்கிடையே ஓட்ட முடியும். வரிசைக்குள் நிற்கும் களையைக் கருவி தொடாது, அதற்குக் கைதான் வேண்டும். அதற்கு ஆகும் ஆள் செலவு முழுக் கை களையைவிடக் குறைவு.

15. மருந்துக்குத் தப்பிச்சு நாலஞ்சு செடிதான் நிக்குது. அதைப் போய் ஆள் வெச்சு எடுக்கணுமா?

எடுக்க வேண்டும். மகசூலுக்காக அல்ல, விதைக்காக. 2-ஆம் விடையில் சொன்னபடி, மருந்துக்குத் தப்பிய செடி என்பது வயலிலேயே வலிமையானதாகப் பொறுக்கப்பட்ட செடி. குதிரைவாலிப் புல் ஒன்று ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும், அதுவும் நெல் அறுவடைக்கு முன்பே உதிர்த்துவிடும். கதிர் வெளிவரும் சமயத்தில் ஒருவர் அரை நாள் நடந்து பிடுங்கி, வரப்பில் போடாமல் வெளியே கொண்டுபோய் அழித்தால், அடுத்த ஆண்டு மருந்துச் செலவே குறையும். எதிர்ப்பைத் தடுக்கும் வழிகளில் இவ்வளவு மலிவானது வேறில்லை.

16. பக்கத்து வயல்லேருந்து எனக்கு வருமா?

வரும். வட்டக்கோரையின் நுண்விதை வாய்க்கால் தண்ணீரில் மிதந்து போகும். அறுவடை இயந்திரம் ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்குப் போகும்போது, அதன் உள்ளே தங்கிய களை விதையும் போகிறது. உங்கள் வயலில் இறங்கும் முன் இயந்திரத்தைத் தட்டி ஊதிச் சுத்தம் செய்யச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வீட்டு விதையில் கலந்து வருவது மூன்றாவது வழி. சான்று விதை வாங்க முடியாதவர்கள் சல்லடையிட்டுத் தூற்றி, உப்புக் கரைசலில் இட்டு மிதப்பதை அகற்றிய பிறகே விதைக்க வேண்டும். மக்காத எருவிலும் களை விதை உயிரோடு இருக்கும்.

17. களைக்கொல்லி அடிச்சாலும் சாகாத நெல் ரகம் வந்துடுச்சாமே, அதைப் போட்டா தீர்ந்துடும்ல?

இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 2021-இல் பூசா பாசுமதி 1979, பூசா பாசுமதி 1985 என்ற இரண்டு ரகங்களை வெளியிட்டது. இவை இமாசெத்தாபிரைத் தாங்கும். மரபணு மாற்றப் பயிர்கள் அல்ல, நாகினா 22 என்ற பழைய நெல்லில் தூண்டப்பட்ட ஒரு மாற்றத்திலிருந்து வந்தவை. அந்த மாற்றம் கொண்ட செடி கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் அடையாளம் காணப்பட்டது என்பதில் நமக்குப் பெருமை உண்டு.

ஆனால் 8-ஆம் விடையில் சொன்னதை நினைத்துப் பாருங்கள். இமாசெத்தாபிர் 2-ஆம் தொகுதி. பிஸ்பைரிபாக்குக்கு எதிர்ப்புப் பெற்ற வயலில் அது புதிய ஆயுதம் ஆகாமல் போகலாம். களை நெல் உள்ள வயலில் இன்னொரு இடர் உண்டு. நெல்லும் களை நெல்லும் குறைந்த விகிதத்திலாவது மகரந்தம் கலக்கும் என்பதால், தாங்கும் மரபணு களை நெல்லுக்குப் போய்விடும். அமெரிக்காவில் இத்தகைய நெல் 2002-இல் சாகுபடிக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, அம்மருந்துக்குச் சாகாத களை நெல் வயல்களில் தோன்றியது. மலேசியாவிலும் அதுவே நடந்தது. இந்த ரகங்களைத் தொடர்ந்து இரண்டு பருவம் ஒரே வயலில் போடாமல் இருப்பதே குறைந்தபட்ச எச்சரிக்கை.

18. அந்த மருந்தை நாலு வருஷம் நிறுத்தினா களை பழையபடி ஆகிடாதா?

அப்படி எதிர்பார்க்க முடியாது. எதிர்ப்பால் களையின் வளர்ச்சி குன்றுமானால், மருந்தில்லாத காலத்தில் அது போட்டியில் தோற்றுக் குறையும். ஆனால் 2-ஆம் தொகுதி மருந்துகளுக்கு எதிரான பல மாற்றங்களால் களைக்குப் பெரிய பாதிப்பு ஏற்படுவதில்லை. விதைகளும் மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். மருந்தை நிறுத்துவது பெருக்கத்தை நிறுத்தும். இருப்பதைக் குறைக்க வேண்டுமானால் 14, 15-ஆம் விடைகளில் சொன்னபடி மண்ணிலுள்ள விதையைத்தான் குறைக்க வேண்டும்.

19. எங்க வயல்ல வட்டக்கோரைக்கு எதிர்ப்பு இருக்குன்னு உறுதியாகிடுச்சு. வர்ற சம்பாவுக்கு என்ன செய்யணும்?

முதலில், 2-ஆம் தொகுதியை அந்த வயலில், உளுந்து உட்பட, நிறுத்துங்கள். முடிந்தால் இம்முறை நடவு. சேற்று விதைப்பே வேண்டுமென்றால், முன்முளைக்க வைத்து மடக்கிய பின் விதைத்து, மூன்றாம் அல்லது நான்காம் நாள், நெல்லுக்குப் பாதுகாப்புப் பொருள் சேர்ந்த பிரெட்டிலாகுளோரை (30.7 சதவீதக் கலவை, ஏக்கருக்கு 600 மில்லி) மெல்லிய தண்ணீர் படர்ந்த நிலையில் அடியுங்கள். புழுதி விதைப்பாக இருந்தால் அந்த இடத்தில் பெண்டிமெத்தலின், மண்ணில் ஈரம் இருக்கும்போது மட்டும்.

அதையும் தாண்டி முளைத்த கோரைக்கு, பயிர் 20 முதல் 25 நாள் இருக்கையில் 2,4-டி அடிக்கலாம். பக்கத்தில் பருத்தி நின்றால் வேண்டாம், அதன் சாரல் பட்டாலே பருத்தி இலை சுருண்டுவிடும். அங்கே கோனோவீடரும் கையும்தான். புல்லும் இருந்தால் சைஹாலோஃபாப்பைத் தனியாக, 11-ஆம் விடையில் சொன்ன இடைவெளியோடு அடியுங்கள். வட்டக்கோரை ஒன்றரை மாதத்துக்குள் விதையாகிவிடும் என்பதால், தப்பியதைப் பிடுங்கும் நடை பயிரின் 35-ஆம் நாளுக்குள் முடிய வேண்டும். திட்டு இருக்கும் இடத்துக்கு வரப்பில் ஒரு கழி நட்டு வையுங்கள். அந்தப் பாத்தியைக் கடைசியாக அறுத்து, அதன் நெல்லை விதைக்கு எடுக்காமல் விட்டு, வாய்க்காலில் உங்களுக்குக் கீழே வயல் வைத்திருப்பவரிடமும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.